நடுவில் நின்ற வயலின்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் தங்கையும் நலம். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, எல்லோரும் இருக்கிறோம். இருபத்திரண்டு வருடமாக நீ அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் நான் உன்னிடம் பேசியது ஒரே வாக்கியம்தான்: "இரு, உன் தங்கச்சிகிட்ட குடுக்கறேன்." அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் செய்தி. அச்சகத்தில் பிழை திருத்தும் என் வேலை போய்விட்டது. இப்போது அதை இயந்திரமே செய்கிறதாம். செய்கிற லட்சணத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்த்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை. மளிகைச் சீட்டையும் நான் திருத்த ஆரம்பித்ததும் உன் தங்கை பொறுக்கமாட்டாமல் நூலகத்து அம்மாவிடம் போய், எங்கள் வீட்டுக்காரர் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சனிக்கிழமை மாலை, நூலகத்து மாடி அறை, எந்த வயதினரும் வரலாம்.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது என் கட்சி. முதல் வாரமே அதை நிரூபித்தும் காட்டினேன். ஏதாவது எழுதுங்கள் என்றேன். வந்த பன்னிரண்டு பேரும் காலையில் எழுந்து பல் தேய்த்ததை எழுதினார்கள். எல்லாவற்றையும் சிவப்பாக்கித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் ஐந்து பேர்தான் வந்தார்கள். எனக்கு 'ஒற்றுப்பிழை சார்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. நூலகத்து அம்மா என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பழைய டேப்ரெக்கார்டரைக் கையில் கொடுத்தார். இசை ஏதாவது போடுங்கள், நீங்கள் பேசாமலிருந்தால் அதுவே போதும் என்றார்.

சொல்ல எனக்கே கசப்பாக இருக்கிறது, அது பலித்துவிட்டது. வார்த்தை இல்லாத இசையாகப் பார்த்து மூன்று முறை போடுவேன். முதல் முறை கண்ணை மூடிக் கேட்க வேண்டும். இரண்டாம் முறை எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு மூன்றாம் முறை. டேப் ஓடும்போது கூரையே விழுந்தாலும் யாரும் பேசக் கூடாது, நிறுத்தக் கூடாது. இதைப் பலகையில் நானே எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒரு புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தன் முதல் நாள் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். தையல்கடை அம்மா, தைக்கக் கொடுத்தவர் வாங்க வராமலே போன ஒரு சட்டையைப் பற்றி எழுதினார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் மட்டும் எதைப் போட்டாலும் மனு எழுதுகிறார். அவருக்கு எழுபத்தொன்பது வயது, வகுப்பின் கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஒன்பது. இப்போது மொத்தம் பதினான்கு பேர்.

போன மாதம், புதிதாக டேப் ஏதாவது இருக்கிறதா என்று உன் தங்கையிடம் கேட்டேன். ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தாள். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வகுப்பில் போட்டேன். பதினான்கு பேரும் கண்ணை மூடினார்கள். முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் வயலின்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நாம் ஏறிய அந்த மேடையை நீயும் மறந்திருக்கமாட்டாய். நீ வாசிப்பாய், நடுவில் நான் எழுந்து என் கவிதையைப் படிப்பேன் என்று ஏற்பாடு. எழுந்தேன். தாளில் எழுத்து தெரிந்தது, வாய் வரவில்லை. நீ வாசிப்பை நிறுத்தினாய். நிறுத்தாமல் போயிருந்தால் நான் திணறியது யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்றுதான் நிறுத்தினாய் என்று இத்தனை வருடமும் நம்பினேன். அன்றைக்கு மேடையை விட்டு இறங்கியவன், அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. அடுத்தவர் வரிகளைத் திருத்தியே காலம் போயிற்று.

டேப்பை நிறுத்தக் கை போனது. எதிரே பலகையில் என் அடிக்கோடு. உட்கார்ந்துவிட்டேன். நீ நிறுத்திய அந்த இடம் வந்தது. டேப் அறுந்துவிட்டது என்று யாராவது எழுந்திருக்கமாட்டார்களா என்று பார்த்தேன். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

எழுதியதைப் படித்தபோதுதான் தெரிந்தது, எல்லோரும் அந்த மௌனத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தையல்கடை அம்மாவுக்கு அது ஊசியில் நூல் கோர்க்கிற நேரம். குமாஸ்தா, கச்சேரி நடுவில் கரண்ட் போனதற்கு ஒரு மனு எழுதியிருந்தார். டிரைவர் எழுதியது இது: ஒருவர் ஓடிவருவது கண்ணாடியில் தெரிகிறது, விட்டுப்போக மனமில்லை, வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கடைக்குட்டி எழுந்து அவரைத் திருத்தினாள். "வண்டி ஆஃப் ஆகவே இல்ல தாத்தா. கால் தட்டற சத்தம் கேக்குதே. நடுநடுவுல வயலினை லேசா ஒரு தடவ தொடறாரு, வா வான்னு கூப்பிடற மாதிரி. நாலு தடவ. நீங்க யாருமே கேக்கலியா?"

மூன்றாம் முறை போட்டு, டேப்ரெக்கார்டரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். அன்று பதிவு செய்தவள் உன் தங்கை. ரெக்கார்டரை உன் காலடியில்தான் வைத்திருந்தாள். எல்லாச் சத்தமும் டேப்பில் விழுந்திருக்கிறது. எட்டுத் தட்டு, பிறகு வில் ஒரு முறை தந்தியைத் தொடுகிறது. மறுபடி எட்டுத் தட்டு, மறுபடி தொடுகிறது. நான் தொடங்க வேண்டிய இடத்தை நான்கு முறை காட்டியிருக்கிறாய். நான்காவதற்குப் பிறகு மேடைப் பலகையில் ஷூ சத்தம், அவசரமாகத் தூரப் போகிறது. என்னுடையது. அதற்கு அப்புறம்தான் நீ தனியாக வாசிக்கத் தொடங்குகிறாய்.

வீட்டுக்கு வந்து, வேண்டுமென்றேதானே அந்த டேப்பைக் கொடுத்தாய் என்று உன் தங்கையிடம் சண்டைக்குப் போனேன். ஆமாம் என்றாள். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அண்ணனுக்காகப் பேசறேன்னு என்கிட்டயும் பேச்ச நிறுத்தியிருப்பீங்க. வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு."

இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்குப் பிறகு நீயும் மேடை ஏறவில்லையாம். வயலின் பெட்டி அலமாரிமேல் தூசி படிந்து கிடக்கிறதாம். சத்தியமாக இது எனக்குத் தெரியாது, மச்சான்.

உடனே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. என் கறுப்புக் குடையை நீ பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தது அப்படியே இருக்கிறது. என் கல்யாணப் போட்டோக்களில் பாதியில் என்னை மறைத்துக்கொண்டு நீ நிற்பதும் இருக்கிறது. நேரில் பேச வேண்டியவை அவை.

போன சனிக்கிழமை, இரண்டாம் முறை டேப் ஓடியபோது நானும் அவர்களோடு உட்கார்ந்து எழுதினேன். எட்டு வரி. கடைக்குட்டி வாங்கிப் படித்துவிட்டு, "பரவால்ல சார், பல்லு தேய்க்கல" என்றாள்.

அடுத்த மாதம் கடைசி சனிக்கிழமை, எல்லோரும் எழுதியதை ஊரார் முன்னால் படிக்கிறோம். நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. அதில் 'வயலினுடன்' என்று ஒரு சொல் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் சேர்க்கச் சொன்னவன் நான்தான். புதுத் தந்தி மாட்டிக்கொண்டு வந்து சேர்.

பழைய இடத்திலேயே நிறுத்து. இந்த முறையும் எனக்கு உடனே வாய் வராமல் போகலாம். நான்கு முறை போதாமலும் போகலாம். நீ காலைத் தட்டிக்கொண்டே இரு. நான் இறங்கிப் போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கையின் வீட்டுக்காரன்,
அதற்கும் முன்னால் உன் நண்பன்.