கஞ்சியில் கரைத்த மாத்திரை

அன்பு மகள் யாசெனியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் கோழிகளும் சுகம். சிகாகோ குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும்.

உன் ஞானத்தகப்பன் பெனிக்னோவின் மூலிகைக் கடையில் மாதா படத்தைத் தொட்டு, ஆறு மாதம் சர்க்கரை மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தாரே, அதிலிருந்து காலைச் சோளக்கஞ்சியில் பதினைந்து சொட்டுத் தைலம்தான் வைத்தியம். கால் புண் கறுத்துக்கொண்டே போனது. பெனிக்னோவைக் கேட்டால், "விஷம் வெளிய வருது தங்கச்சி, பயப்படாதீங்க" என்கிறார். சத்தியத்தை மீறச் சொல்லவும் பயம், புண்ணைப் பார்க்கவும் பயம். கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸ் கொடுத்த மாத்திரையை நானே பொடித்துக் கஞ்சியில் கரைத்தேன், பாவம் என்னோடு போகட்டும் என்று. "கசக்குதேடி" என்பார், தைலம் அப்படித்தான் என்பேன். சர்க்கரை இறங்கியது, புண்ணும் ஆறியது, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அப்பாவின் ரத்தச் சோதனைச் சீட்டைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார் பெனிக்னோ. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிரெசென்சியா இன்சுலினைக் குப்பையில் போட்டுவிட்டாள்! பூசையில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசும். போன செவ்வாய் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டே, "கண்ணுக்குள்ள புகை மூடுது ஹெர்லிந்தா, கல்லு எது பயறு எதுன்னு தெரியல" என்றாள். அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அடிப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று கத்தியவள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடைக்குள் புகுந்து சட்டத்தைத் தரையில் அடித்து, "அந்த ஆளக் காப்பாத்தினது உன் தைலம் இல்லய்யா, அவர் பொண்டாட்டியோட களவாணித்தனம்!" என்றிருக்கிறாள். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

வந்து சத்தம் போடவில்லை. "மாதா முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியே" என்றார், அவ்வளவுதான். நாலு நாளாக அவரே காபி போட்டுக்கொள்கிறார், என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. புண் ஓரம் மறுபடி சிவந்திருக்கிறது. சத்தியம் முடிய இன்னும் இரண்டு மாதம், புண்ணுக்கு அது தெரியுமா? சாமியார் அந்தச் சத்தியம் செல்லாது என்று வந்து சொன்னார், அவரையும் நான்தான் ஏவினேனாம். மாத்திரை போடச் சொல்லி நீ சொன்னால் கேட்பார், உடனே கூப்பிடு கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, தேவமாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நீயும் என் கூட்டு என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவர் யார் கையால் மருந்து வாங்குவார்?

உன் அம்மா,
ஹெர்லிந்தா