வெளிப்பக்கத்துப் படகு

அண்ணனுக்கு,

புயல் கூண்டு ஏற்றியதால் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நீ வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், உன் படகை ஒட்டி என் படகைக் கட்டிவிட்டேன். "அந்தாண்ட எடம் காலியாத்தான் கீது, இங்க இன்னாத்துக்குக் கட்றே?" என்று பக்கத்துப் படகிலிருந்து கிருஷ்ணப்பன் கத்தினான். காற்றில் எனக்குக் காது கேட்கவில்லை.

என் பாரம் உன்மேல் இல்லை. கரைக்குத் தனிக் கயிறு போட்டிருக்கிறேன். நடுவே தேங்காய்நார் மூட்டைகளும் தொங்குகின்றன. மூன்று வருஷம் பேசாமல் உரசினது போதும்.

ஒன்றுதான் சிக்கல். நீ உள்ளே, நான் வெளியே. புயல் போனதும் நான் அவிழ்த்து விலகினால்தான் உன் படகு வெளியே வரமுடியும். அதற்கு நீ என்னைக் கூப்பிட்டாக வேண்டும்.

பெயர் வாயில் வராவிட்டால் "டேய்" போதும். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

உன் தம்பி