நீ போட்டுக் கொடுத்த முடிச்சு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை. எழுதிவிட்டு, அந்தச் சொல் சரிதானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பைப் பொறுத்தவரை சரிதான். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது, என் ரத்த அழுத்தம் அடக்கமாக இருக்கிறது, இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும், இப்போது கேட்டுப் பெற வேண்டியது அது ஒன்றுதான். நீ அனுப்பிய குழந்தை படத்தை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளிக்கடி கண்ணு என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் பாலை எடுக்கிறாள். மூக்கு அப்படியே உன் மூக்காம். அந்த விடைத்த காது யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், இருவரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதைப் போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அம்மா பக்கத்திலிருந்து இரண்டு திருத்தம் சொல்வாள். இன்னொன்று, சிரிக்காதே, இதைப் போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் ஒட்டுக் கேட்காமலும் இருக்கலாம், ஆனாலும் பயம். சின்னவன் போனபோது நீ நிறைமாதம், விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். தம்பி முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் நீ அங்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை மாப்பிள்ளை சொன்னார். அதற்கு மேல் உன் தலையில் எதையும் ஏற்றக் கூடாது, பச்சை உடம்புக்காரிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று அம்மா எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டாள். ஆகையால் உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் எழுதி முடித்த கதைதான். இன்ஸ்பெக்டருக்கு வேலைப்பளு, மன உளைச்சல், ஊருக்கு வெளியே நீர்த்தேக்கம், தற்கொலை. இப்போது குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது, நீயும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாய். இனியும் மறைத்தால் அது உன்னை ஏமாற்றுவதாகும் என்று நினைக்கிறேன். நினைப்பது தவறாகவும் இருக்கலாம், படித்துவிட்டு நீ சொல்.

கடைசியாக வீட்டுக்கு வந்த ஞாயிறன்று அவன் குளியலறைக் குழாயின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். லாக்கப்பில் அடிபட்டுச் செத்துப்போன வேன் டிரைவர் ஒருவரின் வழக்கில், தன் மேலதிகாரிகளுக்கு எதிராக அவன் சாட்சி சொல்லப் போகிறானாம். உனக்கு எதுக்குடா ஊர் வம்பு என்றேன். பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்றதுக்குத் தைரியம் ஒண்ணும் வேண்டாம்பா, ஞாபகம் இருந்தாப் போதும் என்றான், குழாயைப் பார்த்துக்கொண்டே. பிறகு வாஷர் தேய்ந்திருக்கிறது, அடுத்த வாரம் வந்து மாற்றுகிறேன் என்று புது வாஷரை அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழாய் இன்னும் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட்டு மாற்றலாம் என்றால் அம்மா விடவில்லை, அடியில் ஒரு வாளியை வைத்திருக்கிறாள். வாஷர் வாங்கி வைத்தவன் சாக மாட்டான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தூக்கம் சரியில்லை என்று அவனே சொன்னான், அதை விசாரணையில் நானும் சொன்னேன். நான் சொன்னது தூக்கம் வரவில்லை என்பது. அறிக்கையில் அது மன உளைச்சல் என்று ஆகியிருந்தது.

இதுவரை சொன்னது எந்தப் போலீஸ்காரன் வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். இனிமேல் சொல்லப் போவதுதான் நம் வீட்டுக்கு மட்டும் உரியது. நீர்த்தேக்கத்துப் படிக்கட்டில் அவன் ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தனவாம். லேஸை முழுக்க அவிழ்த்து, சுருட்டி, உள்ளே வைத்திருந்ததாம். பதற்றமே இல்லாமல், நிதானமாக எடுத்த முடிவு என்பதற்கு இதுதான் பெரிய அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். நீ இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய் என்று தெரியும். நானும் அங்கேதான் நின்றேன். அம்மாவும் நானும் காலையில் வேலைக்கு ஓடிய நாட்களில் அவனைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டது நீதான். தெருவில் லேஸ் அவிழ்ந்து அவன் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகு, நீயே ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாய். இடது கைக்காரி போட்டது, பூ மாதிரி கட்டி அதன் மேல் தலைகீழாக இன்னொன்று. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. அவனும் அதைக் கற்றுக்கொண்டு, வளர்ந்து காக்கிச் சட்டை போட்ட பிறகும், புது ஷூ வாங்கினால் கடையிலேயே ஒரு தடவை கட்டிவிடுவான். அதோடு சரி, ஷூ கிழிந்து குப்பைக்குப் போகும் வரை அந்த முடிச்சை யாரும் தொட்டதில்லை. அம்மாவின் பெரிய கரண்டிக் காம்பைக் கொடுத்துத்தான் குதிகாலை உள்ளே நுழைப்பான். கழற்றும்போது ஒரு காலால் மறு காலின் குதியை மிதித்து ஒரு உதறு, ஒன்று வாசலில் கிடக்கும், இன்னொன்று நாற்காலிக்கு அடியில். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியை மொட்டையாக வைத்திருந்தவன் அந்த முடிச்சை எதைக் கொண்டு அவிழ்த்திருப்பான்?

விசாரணை அதிகாரியிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நல்ல மரியாதையான ஆள், உட்காரச் சொல்லி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஐயா, சாகப் போற மனுஷன் பழக்கப்படியா நடந்துப்பான், கடைசி நேரத்துல எல்லாருக்கும் ஒரு ஒழுங்கு வந்துடும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை என்னைத் தின்னத் தொடங்கியது. ஒரு நாளாவது குனிந்து, லேஸை அவிழ்த்து, ஜோடியாக வையேன்டா என்று அவனை வாழ்நாள் முழுக்கச் சொன்னவன் நான்தானே. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பா சொன்னதை இன்றைக்காவது செய்வோம் என்று செய்திருந்தால்? அப்படியானால் அது எனக்கு அவன் விட்டுப்போன செய்தி. அதைப் போய் சந்தேகம் என்று நான் ஊர் முன்னால் வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? கடைசியில் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. உயிரோட இருந்தப்போ ஒரு நாள் உங்க பேச்சைக் கேட்டிருக்கானா அவன், சாகப் போறப்போவா உட்கார்ந்து கேட்டான், என் பிள்ளை அவ்வளவு திடீர்னு நல்லவனாக மாட்டான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதோம். அவன் போன பிறகு சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அடுப்பில் வைத்தது தீய்ந்துபோய் அன்று ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

போன வாரம் அவன் ஸ்டேஷனின் பெரிய அதிகாரி ஒருவர் ஆப்பிள் கூடையோடு வந்தார். பூட்ஸோடு நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா டீயை வைத்துவிட்டு, கழட்டாமலே வந்துட்டீங்களே, அவிழ்க்கக் கஷ்டமா இருக்கா என்று கேட்டாள். என் உயிர் போய் வந்தது. அவர் காதில் விழாத மாதிரி ஒரு தாளை எடுத்து நீட்டினார். மருமகளுக்குத் துறையிலேயே வேலை தயாராக இருக்கிறதாம், இந்த ஒரு கையெழுத்துதான் பாக்கியாம். என் மகன் மரணத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று இருந்தது. உனக்குத் தெரியும், மருந்துக்கடைக் கவுண்டரில் நின்ற காலத்தில் டாக்டர் சீட்டில் ஒரு எழுத்து விளங்காவிட்டாலும் நான் மாத்திரையைத் தொட மாட்டேன். சீட்டைத் திருப்பி அனுப்பி, திட்டு வாங்கி, மறுபடி அனுப்புவேன். வீரம் ஒன்றும் இல்லை, தப்பான மருந்து போய்விடுமோ என்ற பயம்தான். அதே பயத்தோடு அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். இந்த இடம் எனக்குப் படிக்க வரவில்லை என்று கடைசி வரியைக் காட்டினேன். கண்ணாடி வேணுமா ஐயா, நானே படிச்சுக் காட்டட்டுமா என்றார். எழுத்து தெரிகிறது, எப்படி எழுத முடிந்தது என்பதுதான் விளங்கவில்லை என்றேன். கை நடுங்கி டீ அவருடைய தாளிலேயே கொட்டிவிட்டது. வேண்டுமென்றே கொட்டினேன் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ நம்பாதே. வயசான காலத்துல அலையப் போறீங்களா, யோசிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகளிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். உங்க பிள்ளை உட்கார்ந்த இடத்துல, அவங்களுக்கு நடுவுல என்னால உட்கார முடியாது மாமா, நீங்க கையெழுத்துப் போடாததுதான் சரி என்றாள். ஆப்பிளை அம்மா தொடவில்லை. அது அழுகுகிறது, தூக்கிப் போட எனக்குத் துணிவில்லை.

மறு விசாரணை கேட்டு மருமகள் பெயரிலும் என் பெயரிலும் மனுப் போட்டாயிற்று. அடுத்த மாதம் நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வக்கீலம்மா குரல் வெண்கலக் கடை, மனசு நல்ல மனசு. ஐயா, நீங்க வாயால சொன்னா பெத்த பாசம்னு தள்ளிடுவாங்க, அந்த முடிச்சை மேஜை மேல வெச்சு அவிழ்த்துப் பாருங்கன்னு சொன்னா நின்னு பார்ப்பாங்க என்றார். பழைய ஜோடி ஏதாவது இருக்குமா என்று தேடினோம். அவனும் மருமகளும் இருந்த போலீஸ் குவார்ட்டர்ஸை உடனே காலி செய்யச் சொன்ன அவசரத்தில் எல்லாம் போய்விட்டது. பார்சல் கயிற்றை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் மருமகளும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம், மூன்று பேர் முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடுகிறது. எத்தனையோ வருஷம் எங்கள் கண் முன்னால் வாசலில் கிடந்த முடிச்சு, ஒருவரும் உற்றுப் பார்த்ததில்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் இல்லை. ஆகவேதான் கேட்கிறேன். நல்ல லேஸாக ஒன்று வாங்கி, ஒரு ஷூவில் கோத்து, அவனுக்குக் கட்டிவிட்ட மாதிரியே கட்டி அனுப்பு. எப்படிப் போடுவது என்று எழுதாதே, எனக்கு விளங்காது. உனக்கும் அது மறந்துபோயிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல், நான் தாங்கிக்கொள்வேன். இதனால் உனக்கோ மாப்பிள்ளைக்கோ ஏதாவது சங்கடம் வரும் என்று தோன்றினால் அனுப்பவே வேண்டாம். நான் எப்படியும் போய் நிற்பேன். கால் நடுங்கும், பரவாயில்லை, நாற்காலி கொடுப்பார்கள்.

தனியாக இரு என்றால் இருந்துவிடலாம் போலிருக்கிறது, நீங்கள் இருவரும் சண்டை போட்ட இந்த வீட்டில் சத்தமில்லாமல் இருப்பதுதான் முடியவில்லை. யார் வாசலில் செருப்பை உதறினாலும் அம்மா கரண்டியை எடுத்து வைக்கிறாள். நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே, பால் கொடுக்கிற உடம்பு. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதே, அளந்து கொடு, சீட்டை ஒரு முறைக்கு இரண்டு முறை படி. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. குழந்தையின் காதில் தாத்தா முத்தம் ஒன்று. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தபோது ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் நீண்ட நாள் வாழ வேண்டும். பார்சலில் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் வரவுக்காகவும் முடிச்சுக்காகவும் காத்திருக்கும்
அப்பா

பி.கு. இதை ஒட்டுவதற்கு முன் அம்மா வாங்கிப் படித்தாள். வழக்கம்போலத் திருத்தம் ஒன்று சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: முடிச்சை மட்டும் அனுப்பினா எப்படி, முடிச்சுப் போட்டவளையும் கூடவே அனுப்பச் சொல்லுங்க.