தன்னையே கூப்பிட்டுக் காத்திருந்த ஆப்ஜெக்ட்

8.6.98, திங்கள்
காற்று, புழுதி. யாரிடமும் சொல்லக்கூடாதது: இன்று வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே எங்கள் வீட்டு நம்பருக்கு போன் போட்டேன். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் வீட்டில் இருக்கிறதா என்று என் பெண்டாட்டி ஸ்டெல்லாவிடம் கேட்க. நான் பாடம் நடத்தும் காலேஜில் இருப்பதாக நினைப்பு. என்கேஜ்டு. நாலு தடவை. "யார்ட்ட இம்புட்டு நேரமா பேசுறா!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அவள் குரல்: "யாருக்குங்க போன்?"

"ஒனக்குத்தான்டி."

சிரித்ததில் குழம்பு அடிப்பிடித்தது.

வெள்ளிக்குள் மேடம் (என் நெறியாளர், மதுரை) ஆய்வேட்டில் கையெழுத்துப் போடணும். தவறினால் பி.எச்டி. பதிவே காலி. வயசு 47. இனி எவன் சேர்ப்பான்?

9.6, செவ்வாய்
அத்தியாயம் கிடைத்தது. மெத்தைக்கடியில். தாள் சுருக்கம் போக நானே வைத்தது. படித்தேன், அழகு! பல ஆப்ஜெக்ட்டுகள் (புரோகிராமுக்குள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வேலை வாங்கும் துண்டுகள்) ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழி. அதற்குப் பதினாலு விதி. ஓர் ஆப்ஜெக்ட் ஒரு சமயத்தில் ஒரு செய்தியைத்தான் கவனிக்கும். செய்தி அனுப்பினது பதில் வரும்வரை காத்திருக்கும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிற வட்டம் இல்லையென்றால் எதுவும் முடங்காது. நிரூபித்தவர்: அடியேன்.

10.6, புதன்
மேடம் போன் பண்ணினார். நான் குளியலறை. ஸ்டெல்லா எடுத்து, திங்கட்கிழமைக் கதையை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். துரோகி. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாம். சட்டென்று நின்றதாம். "சாரைக் கூப்பிடுங்கம்மா."

துண்டோடு ஓடினேன்.

"சார், உங்க ஆப்ஜெக்ட் தனக்கே செய்தி அனுப்பினா?"

பதிலுக்குக் காத்திருக்கும். காத்திருப்பதால் செய்தியை எடுக்காது. எடுக்காததால் பதில் வராது. ரெண்டு ஆப்ஜெக்ட் வட்டம் பார்த்தேன், மூணு பார்த்தேன், ஒண்ணே ஒண்ணு தனக்காகத் தானே காத்திருக்கும் வட்டத்தைப் பார்க்கவில்லை. நிரூபணம் போச்சு.

"ரெண்டு நாள் இருக்குல்ல சார்."

சோறு இறங்கவில்லை. (அப்பளம் மட்டும். ஆறு.)

11.6, வியாழன்
லீவு. காரணம் வயிற்றுவலி. காலையில் பொய், மதியம் நிஜம்.
பதினைந்தாம் விதி: தனக்கே அனுப்பினால் வரிசையில் நிற்க வேண்டாம். அங்கேயே அந்த வேலையை முடித்துவிட்டுத் தொடரலாம். ஒன்பது பக்கம் புதிதாக எழுதினேன். நிரூபணம் நிற்கிறது! ஸ்டெல்லாவிடம் விளக்கினேன்.

"எந்திரிச்சு அடுப்படிக்கு வந்து கேட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒம்போது பக்கமா?"

நன்றியுரையில் அவள் பேர். முதல் வரியில் வேணுமாம்.

12.6, வெள்ளி
தூறல். மதுரை பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர்: "செத்த நேரம் நில்லுங்க சார், கொடைரோட்டுல பாதி பஸ்ஸு எறங்கிரும்." ஒருத்தரும் இறங்கவில்லை. மேடம் இரண்டு மணி நேரம் பென்சிலும் கையுமாக. ஒரே ஒரு கமா திருத்தம். கையெழுத்து!!

வீட்டில் கேசரி. ஸ்டெல்லா: "சரி, இந்த மொழியில எழுதுனா நம்ம காலேஜ் கம்ப்யூட்டர் கேக்குமா?"

கேட்காது. இந்த மொழி ஓடுகிற கம்ப்யூட்டர் உலகத்தில் இன்னும் ஒன்றுகூட இல்லை.