கழுவிவிட்ட பச்சை எண்ணெய்

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு எதிரே ஒரு தாய் வந்து உட்கார்ந்தாள். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. முழங்காலுக்குக் கீழே பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. பக்கத்து குடோன்களில் மிளகாய் வத்தல் மூட்டைகளைப் பிரித்திருந்தார்கள் போலிருக்கிறது. வரிசையில் பாதிப்பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியையும் மீறி எனக்கு அந்த வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயில் ஊமத்தை இலைச் சாறும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெய்.

"புண்ணுக்கு வேற எதுவும் போட்டீகளா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, ஒண்ணும் போடல." சொல்லிக்கொண்டே முந்தானையால் துணியை மூடிக்கொண்டாள்.

என் பேனா தாளில் படாமல் நின்றது. நீ கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஏழு வருடமாக நினைத்திருக்கிறேன். நீ எதிரே இருந்தபோதெல்லாம் வேறு எதையோதான் பேசினேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், ஒரே மாதத்தில் நாம் இருவரும் இந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தோம். நீ பெண்கள் வார்டில் ஆயா. நான் நோயாளிகள் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதுகிறவள், டாக்டரம்மா சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்கிறவள். டாக்டரம்மா வங்காளத்திலிருந்து வந்த சர்ஜன். தமிழில் அவருக்கு "மூச்சை இழு", "வலி எங்கே" இரண்டும்தான் தெரியும்.

நான் சொன்னதெல்லாம் சரியான மொழிபெயர்ப்பு இல்லை. 'இந்தப் பெண்ணுக்கு மூளை இருக்கிறதா' என்று டாக்டரம்மா கத்தினால், 'கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்னு சொல்றாங்க' என்பேன். 'இந்தம்மா கை வெளங்குமா?' என்று நோயாளி கேட்டால், 'உங்களை நம்பி வந்திருக்கிறாள்' என்று இங்கிலீஷில் சொல்வேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத நீ ஒருத்திதான் அதைக் கண்டுபிடித்தாய். "ஏளா எழுத்தம்மா, அவுக அம்புட்டு நேரம் கத்துனதுக்கு நீ இம்புட்டூண்டு சொல்லுத. மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

நாட்டு மருந்து என்றாலே டாக்டரம்மாவுக்கு ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருடம், சாணிச் சாம்பல் அப்பிய புண்ணோடு வந்த இரண்டு பேர் டெட்டனஸ் என்கிற ரண ஜன்னியில் வில்லாக வளைந்து அவர் கண்ணெதிரே இறந்தார்கள். அதன்பிறகு, வார்டில் யாராவது பச்சிலையோ எண்ணெயோ போட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தால் யாரும் பச்சிலை போடுவதை நிறுத்தவில்லை. போட்டதைச் சொல்வதை மட்டும் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் மாரித்தாய் வந்தாள். சிவகாசிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நெருப்புப் பிடித்து, மார்பும் வலது கையும் வெந்தவள். பத்தொன்பது வயது. மூன்று வாரமாகியும் தோல் மூடவில்லை. அப்படியே விட்டால் கை மடங்கின நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி அங்கே ஒட்டலாம் என்றார் டாக்டரம்மா. அதை நான் தமிழில் சொன்னதும் மாரித்தாயின் அம்மா எழுந்தே விட்டாள்.

"தொடைத் தோலை உரிச்சுக் கையில ஒட்டவா? எம்மவ என்ன செருப்பா, ஒட்டுப் போட?"

நான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாய். "ஏன் மதினி, நாத்தங்கால்ல பிடுங்கி வயல்ல நட்டா பயிரு பிடிக்கலையா? கொஞ்சம் வாடும், பெறகு நிமுந்துக்கிடும்." அவள் கைநாட்டு வைத்தாள். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் வயல்வேலை பார்த்து வளர்ந்தவள் நீ. உன் ஒரு வாக்கியம் செய்ததை என் பத்து வாக்கியம் செய்யவில்லை.

ஆபரேஷன் அன்று விடிந்ததும் நீ என் மேசைக்கு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். கட்டு மாற்றும் அறையில் மாரித்தாய் படுத்திருந்தாள். நீ கட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாய். கையும் மார்பும் பாசி படர்ந்த மாதிரிப் பச்சையாக இருந்தன.

"சாத்தூரு வைத்தியரு கொடுத்த எண்ணெய்ம்மா," என்றாள் அவள் அம்மா. "நாலு ராத்திரியாப் பூசுதேன். இன்னைக்குக் கத்தி படுற ஒடம்பாச்சேன்னு நேத்து புட்டியோட ஊத்திட்டேன். வெளிய அனுப்பிராதீக தாயி. இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்." நாம் தடுப்பதற்குள் நம் காலைத் தொட்டுவிட்டாள்.

வெளியே அனுப்பினால் அந்தக் கை அவ்வளவுதான். அது நம் இருவருக்கும் தெரியும்.

"எண்ணெய் மேல இருந்தாத்தானே குத்தம்? கழுவிட்டா பெறகென்ன?" என்றாய்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து நீ கழுவினாய். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷன் தாளில் 'வேறு மருந்து' என்று ஒரு வரி உண்டு. அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

தியேட்டரில் மாரித்தாயின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, மயங்கும்வரை பேச்சுக் கொடுப்பது என் வேலை. அவள் தன் ஆபீஸில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்தாவது பெயரில் நாக்கு குழறியது. நர்ஸ் முகமூடித் துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். நீ வெந்நீர் வாளியோடு வாசலில் நின்றாய். டாக்டரம்மா தொடையில் முதல் தோலைச் சீவி எடுத்திருந்தார்.

"கண்மணி ரொம்ப விரிந்திருக்கிறது டாக்டர்," என்றார் நர்ஸ் இங்கிலீஷில்.

டாக்டரம்மா நாடியைப் பார்த்தார். நான் பிடித்திருந்த கை காய்ந்து, அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. அவள் உதட்டோரம் ஒருமுறை துடித்தது. பிறகு கன்னம். பிறகு தோள் வெட்டி வெட்டி இழுத்தது. ஈதரை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. ஈதர் கூடிப்போனதா, ரண ஜன்னியா, வேறு ஏதாவது உள்ளே போயிருக்கிறதா? ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. சுவரில் மாட்டியிருந்த தாளை அவர் திரும்பிப் பார்த்தார். என் 'இல்லை' அங்கே தொங்கியது.

"போய் அம்மாவைக் கேள். என்ன கொடுத்தார்கள்?" என்றார் என்னிடம்.

போய்க் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. வாயைத் திறந்தால் போதும். என் சம்பளத்தை நம்பிப் படிக்கும் தம்பிகள் இரண்டு பேரும் கண்முன் வந்தார்கள். மாரித்தாயின் விரல்கள் என் விரல்களுக்குள் உதறிக்கொண்டிருந்தன. நான் வாசல் பக்கம் ஓரடி வைத்தேன், அம்மாவைக் கேட்கப் போகிறவள் மாதிரி.

"ஊமத்தை எண்ணெய்ம்மா," என்றாய் நீ. "கையி, நெஞ்சு, அம்புட்டும் பூசியிருந்துச்சு. காலைல நான்தான் கழுவிவிட்டேன்."

"என்ன சொல்கிறாள்?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

சொன்னேன். ஊமத்தைக்கு இங்கிலீஷ் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தனை நாளும் கூட்டியும் குறைத்தும் சொன்னவள், அன்றைக்கு நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவள்தான் கழுவினாளாம் என்று.

அந்தச் செடியின் பெயரைக் கேட்டதும் டாக்டரம்மாவின் தயக்கம் போய்விட்டது. சீவிய தோலை எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டினார். ஈரத் துணி, ஐஸ், காற்று என்று அடுக்கினார். ரயிலடி சோடாக் கடையிலிருந்து சாக்கில் ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து ஓடிவந்தது நீதான். துடிப்பு குறைந்து, சூடு இறங்கி, மாரித்தாய் கண் திறந்து "தண்ணி" என்று கேட்கும்வரை யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரம்மா விளக்கினார். மயக்கம் கொடுப்பதற்கு முன் நாங்கள் போட்ட ஊசி மருந்தும், ஊமத்தையில் இருக்கும் நஞ்சும் ஒரே குணம். தோலில்லாத உடம்பு நாலு நாளாக எண்ணெயிலிருந்து அதைக் குடித்திருக்கிறது. கழுவினது மேலே இருந்ததை மட்டும்தான். அதற்கு மேல் எங்கள் ஊசி. அந்த வரியில் உண்மையை எழுதியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைத்திருப்பார், அவ்வளவுதான். அல்லது வெளியே அனுப்பியிருப்பார். எது நடந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். துணிப்பையோடு என் மேசைப் பக்கம் வந்தாய். நான் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

"நான் ஒண்ணு சொன்னா நீ ரெண்டாச் சொல்லுவ. இன்னைக்குத்தான் சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருக்க, எழுத்தம்மா," என்றாய். சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை. "தம்பிமார படிக்க வையி. எனக்குத் தீப்பெட்டி ஒட்டுற கை இருக்கு."

இரண்டு வாரம் கழித்து மாரித்தாயை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தாளைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார் டாக்டரம்மா. "இல்லை. போன தடவை தெரிந்தேதான் 'இல்லை' என்று எழுதினேன்," என்றேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லவில்லை?"

"வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்று."

"அனுப்பியிருப்பேன்," என்றார், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே.

அன்றைக்கே ஆபரேஷனை முடித்தார். தோல் பிடித்தது. மாரித்தாய் பிறகு அந்தக் கையாலேயே எனக்கு இருக்கன்குடிக் குங்குமம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரமே சட்டத்தை எடுத்துவிட்டார்கள். நாட்டு மருந்தைச் சொன்னால் யாரையும் அனுப்பக் கூடாது, திட்டவும் கூடாது என்று ஆனது. உன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். நீ வரவில்லை. நானே நேரில் வந்து கூப்பிட்டிருக்க வேண்டும். வரவில்லை.

ஆனால் உன் ஊர்ப் பக்கம் யாருக்குத் தீப்பட்டாலும் நீ கூட்டிக்கொண்டு வந்தாய். மேசையைத் தட்டுவாய். "எழுது. கத்தாழை, முட்டை வெள்ளை, ரெண்டு நாளு. பேசுன மாதிரியே எழுது, வெட்டி ஒட்டாத." போன சித்திரையில் உன்னையே கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். நான் பேனாவை எடுக்குமுன்பே சொன்னாய்: "கீழாநெல்லி, மோரு. பத்து நாளு. பெறகு சாத்தூரு வைத்தியருட்ட ஒரு உருண்டை. ஒண்ணையும் விட்றாத." நான் எழுதினேன். நீ சொன்னது அத்தனையும் அந்தத் தாளில் இருக்கிறது. என்னிடமிருந்து வர வேண்டிய ஒரு சொல்தான் இல்லை. மூன்றாம் நாள் உன் கட்டில் காலியாக இருந்தது.

இன்று காலை அந்தத் தாய்க்கு எதிரே பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். இந்த ஏழு வருடமாகப் பச்சை எண்ணெய் மணத்தோடு யார் வந்தாலும் இதைத்தான் செய்கிறேன். மாரித்தாயின் கதையைச் சொல்வேன். சொல்லும்போது ஒரு வரியை மட்டும் அன்றைக்குத் தியேட்டரில் சொன்ன மாதிரிச் சொல்வதில்லை.

"ஒருநாள் நாங்க ரெண்டு பேரும் சேந்து கழுவிவிட்டோம்மா," என்றேன். "நான்தான் அதை எழுதாம விட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, குழந்தையின் காலை என் பக்கம் திருப்பினாள்.