பேட்டரி பஸ் நிற்கும் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமா? முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாமல் படியுங்கள். போன வாரம் பஸ் டிப்போ டிக்கெட் கூண்டில் டீசல் புகையால் மயங்கி விழப் பார்த்தேன். டிப்போ கூரையில் காற்றின் வேகத்தை அளக்க வந்த ஒரு அக்கா தாங்கிப் பிடித்தார்.

"ஏன்க்கா இங்க காத்தே இல்ல?" என்றேன்.

"புகை வெயிலை மறைக்குது. தரை சரியா சூடாகலன்னா காத்தும் மந்தமாயிடும். அப்புறம் புகை எங்க போகும்? காரு, பஸ்ஸு எல்லாம் பேட்டரிக்கு மாறினா காத்துக்கும் உயிர் வரும். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்க மாட்டியாடி?"

உங்களைப் போலவே திட்டினார். அதற்குத்தான் அழுதேன், மயக்கத்துக்கு இல்லை.

அவரே மேலாளரிடம் வாதாடி, புதிய பேட்டரி பஸ்களை என் கூண்டருகே நிறுத்தவைத்தார். இப்போது புகையும் இல்லை, அதனால் வந்த இருமலும் இல்லை. அந்தப் புண்ணியவதியை நீங்களும் வாழ்த்துங்கள்.

நீங்கள் தைத்த தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். இங்கே கடையிலும் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

பயணிகள் வரிசை நீண்டுவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்