நான்காம் அறையின் எட்டாம் வார இலக்கும் திருமதி பிரிட்செட் நீக்கப்பட்டதும் குறித்து

அனுப்புநர்:
லொரெட்டா ஹஸ்கின்ஸ்,
உரிமையாளர், ஹஸ்கின்ஸ் காலணிக் கடை,
மெயின் தெரு, வில்லட் ஃபால்ஸ்,
இந்தியானா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பள்ளி மாவட்ட அலுவலகம்,
வில்லட் ஃபால்ஸ்.

பொருள்: மில் தெரு தொடக்கப் பள்ளி, முதல் வகுப்பு, நான்காம் அறை – வாராந்திரக் கற்றல் இலக்கைத் தேதிப்படி மாற்றவில்லை என்று ஆசிரியை திருமதி ஓனா பிரிட்செட் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டது – அதற்கு என் ஆறு வயது மகளின் பேச்சைச் சான்றாகக் காட்டியது – நான் முன்பு கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது – தொடர்பாக.

பார்வை: 1. தொலைபேசியில் நான் தெரிவித்த புகார், நாள் 14.10.2025.
2. பெற்றோருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம், நாள் 24.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ஊரில் பதினேழு ஆண்டுகளாகக் காலணி விற்கிறவள். முதல் ஆறு ஆண்டுகள் தொழிற்சாலை வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு பூட்ஸ் விற்றேன். கடை பிறகு வந்தது. கல்வி பற்றிப் பேச எனக்குப் பட்டம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு வேலை நடந்திருக்கிறதா, நடந்ததாகச் சீட்டில் மட்டும் எழுதியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். அது தெரியாதவர்கள் என் தொழிலில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார்கள். என் மகள் டெஸா நான்காம் அறையில் முதல் வகுப்புப் படிக்கிறாள்.

2. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளின் பையில் ஒரு தாள் வருகிறது. அந்த வாரம் பிள்ளை கற்க வேண்டியவை அதில் "என்னால் முடியும்" என்று முடியும் நான்கு வரிகளாக இருக்கும். வெள்ளிக்கிழமை அந்த வரிகளுக்கு எதிரே ஆசிரியை குறியிட்டு அனுப்புவார்; பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இதே வரிகள் வகுப்புப் பலகையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும், எந்த வாரம் எந்த வரி என்பது தங்கள் அலுவலகம் கோடையிலேயே அச்சிட்ட அட்டவணைப்படி நடக்க வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்ததே. தாளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. என் பிள்ளை இந்த வாரம் என்ன படிக்கிறாள் என்று ஒரு பார்வையில் தெரிகிறது. கடையில் நிற்கிறவளுக்கு அது பெரிய உதவி. என் குறையெல்லாம் அட்டவணையைப் பற்றியது.

3. அக்டோபர் 6இல் தொடங்கிய எட்டாம் வாரத்தின் கணக்கு இலக்கு: "ஓர் எண்ணில் எத்தனை பத்துகள், எத்தனை ஒன்றுகள் என்று என்னால் சொல்ல முடியும்." அடுத்த திங்கள், 13ஆம் தேதி, ஒன்பதாம் வாரத் தாளுக்குப் பதிலாக அதே தாள் மறுபடியும் வந்தது. நான் அதைப் பார்த்த மாத்திரத்தில், ஆசிரியை மறந்துவிட்டார், அல்லது சோம்பல் படுகிறார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலையில் தங்கள் அலுவலகத்தை அழைத்து, வரி கட்டுகிறவள் என்கிற தோரணையில் நாலு வார்த்தை கடுமையாகவே பேசினேன். புகாரைக் குறித்துக்கொண்ட பெண்மணி மிக மரியாதையாகப் பேசினார்.

4. அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது. பின்பக்கத்தில் திருமதி பிரிட்செட் தம் கையால் எழுதியிருந்தார்: வகுப்பில் இருபத்தொரு பேர், வெள்ளிக்கிழமை வரை ஒன்பது பேருக்குத்தான் பத்தும் ஒன்றும் பிடிபட்டிருக்கிறது, பன்னிரண்டு பேருக்கு இன்னும் இல்லை, ஆகவே இன்னும் சில நாள் இதே இலக்கில் இருக்கப்போகிறோம், வீட்டில் எதையாவது பத்துப் பத்தாகக் கட்டி விளையாடுங்கள். இதை நான் படித்தது இரண்டு வாரம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு. சரக்குப் பெட்டியைத் திறக்காமல் மேலே ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு அனுப்பியவரோடு சண்டைக்குப் போகிறவர்களை நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். இந்த முறை அந்த ஆள் நானே.

5. அந்தப் பன்னிரண்டு பேரில் என் மகளும் ஒருத்தி என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முப்பத்து நான்கு என்று எழுதச் சொன்னால் எழுதுவாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒரு மூணு, ஒரு நாலு, மொத்தம் ஏழு" என்பாள். அந்த இரண்டாவது வாரத்தில் திருமதி பிரிட்செட் என் கடைக்கு வந்து, விலை போகாமல் கிடந்த ஷூ கயிறுகளையும் காலி அட்டைப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிப் போனார். பிள்ளைகள் கயிறுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டுகள் ஒரு பெட்டியில், உதிரிகள் இன்னொன்றில். மூன்றாவது நாள் டெஸா கடைக்குள் நுழைந்தவுடன், காலில் ஒரு பூட்ஸும் கையில் ஒரு பூட்ஸுமாக உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரிடம் அவர் வயதைக் கேட்டாள். ஐம்பத்திரண்டு என்றார். "அப்போ நீங்க அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி" என்றாள். என் மகளுக்குக் கணக்கு வந்தது அன்றைக்குத்தான். அட்டவணைப்படி பார்த்தால் மூன்று நாள் தாமதம்.

6. அதே வாரம், 16ஆம் தேதி வியாழக்கிழமை, என் புகாரின் பேரில் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் திரு. கர்டிஸ் வென்ட் வகுப்புக்கு வந்தார். பலகையில் போன வார இலக்கு இருந்தது. விதிப்படி ஒரு பிள்ளையைத் தேர்ந்து, இந்த வாரம் என்ன கற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் டெஸாவைக் கேட்டார். பதில் சொன்னதற்குச் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டார். அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை அதை அவள் கழற்றவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"நாங்க இன்னும் போன வாரத்துலதான் இருக்கோம். ரெண்டு பேருக்கு இன்னும் வரல. அவங்களுக்கு வர்ற வரைக்கும் டீச்சர் காத்துட்டிருக்காங்க."

7. இதற்கு எட்டு நாள் கழித்து எல்லாப் பெற்றோருக்கும் தங்கள் கடிதம் வந்தது. நான்காம் அறை அட்டவணைக்குப் பின்தங்கியிருப்பதாகவும், "வகுப்பு போன வாரத்திலேயே இருக்கிறது, ஆசிரியை காத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு மாணவியே தெரிவித்திருப்பதாகவும்", 27ஆம் தேதி முதல் வேறோர் ஆசிரியை பொறுப்பேற்பார் என்றும் அதில் கண்டிருந்தது. என் மகள் சொன்னது மூன்று வாக்கியம். கடிதத்தில் முதலாவதும் மூன்றாவதன் பிற்பாதியும் இருக்கின்றன. நடுவில் இருந்தது எங்கே போயிற்று? திரு. வென்ட்டையே அழைத்துக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் சொன்னாள் என்று ஒப்புக்கொண்டார். "படிவத்துல பிள்ளையோட பதிலுக்கு ஒரு வரிதாங்க இடம்" என்றார். ஒரு வரி இடத்துக்காக, பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர் சும்மா காத்திருந்தவர் ஆகிவிட்டார்.

8. கடிதத்தில் மாணவியின் பெயர் இல்லை என்று தாங்கள் கூறலாம். தேவையே இல்லை ஐயா. அன்று நட்சத்திரம் வாங்கியது யார் என்று இருபது பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் வழியாக இருபது வீட்டுக்கும் தெரியும். அடுத்த புதன்கிழமை கடைக்கு வந்த ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கு நான் நாளைக்கும் பூட்ஸ் விற்க வேண்டும்) டெஸா பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல், "என்ன லொரெட்டா, உன் பொண்ணு டீச்சர் வேலைக்கே வேட்டு வச்சிட்டாளாமே. ஒரு ஸ்டிக்கருக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வாடிக்கையாளர் சிரித்தால் உடன் சிரிக்கிற பழக்கம். அதற்காக என்னை நான் மன்னிப்பதாக இல்லை.

9. அன்று முதல் டெஸா வகுப்பில் வாய் திறப்பதில்லை. இன்றோடு இரண்டு வாரம். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக்கூட மனமில்லாமல் ஒருநாள் நனைந்த உடையோடு வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் சொன்னா யாராவது போயிடுவாங்க" என்றாள்.

10. இந்த இரண்டு வாரமும் இலக்குகள் தேதி தவறாமல் நிறைவேறி வருகின்றன. நவம்பர் 3 முதல் 7 வரை டெஸா தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாக வீட்டில் கிடந்தாள். ஐந்து நாளும் பள்ளிக்குப் போகவில்லை. மருத்துவரின் சீட்டு இணைத்துள்ளேன். பத்தாம் தேதி அவள் பையில் அந்த வாரத் தாள் இருந்தது. "காகிதக் கவ்விகளை வரிசையாக வைத்து என்னால் நீளம் அளக்க முடியும்" உட்பட நான்கு இலக்குகளுக்கும் "நிறைவேறியது" என்று குறி. என் பிள்ளை அந்த வாரம் அளந்தது தன் காய்ச்சலை மட்டுமே. புதிய ஆசிரியையை நான் குற்றம் சொல்லவில்லை. முன்னால் இருந்தவர் உண்மையை எழுதியதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டு வந்தவர் அவர். வேறு எப்படிக் குறியிடுவார்?

11. என் கடைக்கு ஆறு வயதுப் பிள்ளை வந்தால் வயதைக் கேட்டு ஷூ எடுத்துக் கொடுப்பதில்லை. காலை அளக்கிறேன். போட்டுவிட்டு வாசல்வரை நடந்து திரும்பச் சொல்கிறேன். விரல் இடித்தால் வேறு அளவு எடுக்கிறேன். அட்டவணையில் அச்சிட்டிருக்கிறது என்பதற்காகத் திங்கட்கிழமை யாருடைய காலும் வளர்வதில்லை. திருமதி பிரிட்செட் செய்தது அளந்து பார்த்தது மட்டும்தான். அவர் கேட்ட கூடுதல் நேரம் எல்லாம் சேர்த்து ஏழு பள்ளி நாள்கள். அதன் முடிவில் இருபத்தொரு பிள்ளைகளில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் தேறினார்கள். ஒவ்வொருவரும் கட்டிய கயிறுகள் பெயர் எழுதிய பெட்டிகளில் நான்காம் அறை அலமாரியில் இப்போதும் இருக்கின்றன. சந்தேகமிருந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

12. வரும் 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நடைபெறும் பள்ளி வாரியக் கூட்டத்தில் திருமதி பிரிட்செட்டின் நிலை முடிவாகும் என்று அறிகிறேன். அதற்கு முன்பாகக் கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

அ) 14.10.2025 அன்று நான் கொடுத்த புகார் தாளின் பின்பக்கத்தைப் படிக்காமல் கொடுத்தது. அதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டாம். தவறான புகார் என்று அதன் மேலேயே எழுதி, என் பெயரோடு அங்கேயே வைக்கவும். கூட்டத்திலும் இதை எழுந்து நின்று சொல்வேன்.

ஆ) என் மகளின் பதிலை மூன்று வாக்கியங்களாகவே பதிவில் திருத்தி, திருத்திய கடிதத்தை அதே இருபத்தொரு வீடுகளுக்கும் அனுப்ப வேண்டும்.

இ) திருமதி பிரிட்செட்டை நான்காம் அறைக்குத் திருப்பியனுப்ப வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் ஓர் இலக்கு எட்டாதபோது அதே இலக்கில் தொடர ஆசிரியைக்கு உரிமை உண்டு என்று அட்டவணையிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு வரிக்குத் தங்கள் படிவங்களில் இடம் உண்டு என்பது தெரிந்த விஷயம்.

ஈ) கடைசியாக ஒன்று. இதற்கு விதி எதுவும் இருக்காது, ஆனாலும் கேட்கிறேன். டெஸா சொன்னது சரி, அதனால் யாரும் போகவில்லை, தவறு பெரியவர்களுடையது என்று நான் அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ" என்கிறாள். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அவளிடம் கேட்டார். ஆகவே அலுவலகத்திலிருந்தே ஒருவர் வந்து அவளிடம் சொல்ல வேண்டும். பள்ளி மூன்று பத்துக்கு விடும். மூன்றரைக்குக் கடையில் இருப்பாள். தாங்களே வந்தால் நன்று. நட்சத்திரம் எதுவும் கொண்டுவர வேண்டாம். அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, அவள் பதில் பேசும்வரை தயவுசெய்து காத்திருங்கள்.

இணைப்பு: எட்டாம் வாரத் தாள், இரு பக்கமும், நவம்பர் 3–7 வாரத் தாள், மருத்துவரின் சீட்டு.

இடம்: வில்லட் ஃபால்ஸ்
நாள்: 12.11.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
லொரெட்டா ஹஸ்கின்ஸ்
(டெஸாவின் தாய்)